‘ஜங்கல்’ எல்லாம் வனம் அல்ல: ஓர் இந்திச் சொல்லைக் கையாளுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில், கங்கைச் சமவெளிக் கிராமம் ஒன்றில் நடக்கும் சிறுகதை ஒன்று என் கைக்கு வந்தது. வீட்டுப் பெரியவர் நாள்தோறும் இருள் பிரியும் முன்பே கையில் லோட்டாவுடன் ‘ஜங்கல்’ போய்வருவதாக அதில் ஒரு வரி இருந்தது. “பெரியவர் வைகறையில் செம்பும் கையுமாக வனத்துக்குச் சென்று திரும்புவார்” என்று எழுதிவிட்டு, அந்த வாக்கியத்தின் அழகில் நானே சற்று மயங்கியும் போனேன். கைப்படியைப் படித்த மூத்த நண்பர், கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், “கதை முழுவதும் கரும்பும் கோதுமையுமாகக் கிடக்கிறதே தம்பி, வனம் எங்கிருந்து வந்தது? அங்கே போகிறவருக்குச் செம்பு எதற்கு?” என்று கேட்டார். செம்பைக் கவனித்திருந்தாலே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வட இந்தியக் கிராம வழக்கில் ‘ஜங்கல் ஜானா’ என்பது காலைக்கடன் கழிக்க ஊருக்கு வெளியே ஒதுங்குவதைக் குறிக்கும் இடக்கரடக்கல். நம் ஊர்களில் ‘வெளிக்குப் போதல்’, ‘கொல்லைக்குப் போதல்’ என்று சொல்வதைப் போன்றது. “காட்டுக்குப் போய்வருவார் என்று போட்டிருந்தால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது” என்றும் நண்பர் சொன்னார்.

அந்த ஒரு சொல் அதன்பின் பல ஆண்டுகளாக என் மேசையை விட்டு அகலவில்லை. ஜங்கல் என்ற பெயர்ச்சொல்லைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் செய்கிற தவறுகள் பல இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளைக்கின்றன. நாம் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மரங்களை எண்ணுகிறோம். அந்தச் சொல்லோ தன் நெடிய வாழ்வின் பெரும்பகுதியில் மரங்களைப் பற்றிப் பேசவில்லை, மனிதன் உழுது குடியேறாத நிலத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறது. இன்றைய இந்தியில் ஜங்கல் என்றால் அடர்ந்த காடு என்ற பொருளும் முழுமையாக உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அது பல பொருள்களில் ஒன்று, அதுவும் பிந்தி வந்து வலுப்பெற்ற ஒன்று என்பதை மறந்துவிடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

ஆங்கிலத்தின் வழியே படிப்பது

தமிழர்களில் பலருக்கு இந்தச் சொல் இந்தியிலிருந்து நேரே அறிமுகமாகவில்லை. ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் வழியாக ‘ஜங்கிள்’ என்று அறிமுகமாகிறது. அதனால் இந்தி மூலத்தைப் பார்க்கும்போதும் ஆங்கிலச் சொல்லின் ஈரமும் இருட்டும் கொடிப்பின்னலும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. எழுத்துக்கூட்டல்கூட ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. ஆங்கிலத்தில் ‘யு’ எழுத்தை இட்டு எழுதுவதால், இந்தியிலும் முதல் உயிர் உகரமாக இருக்கலாம் என்று எண்ணிச் சிலர் ‘ஜுங்கல்’, ‘ஜுங்லி’ என்று எழுதுகிறார்கள். இந்தியில் அது அகரமே. இந்தியச் சொற்களின் குறில் அகரத்தை, தங்கள் மொழியில் ‘கட்’, ‘பட்’ என்ற சொற்களில் ஒலிக்கும் உயிராகக் கேட்ட ஆங்கிலேயர்கள், அதே எழுத்தால் பஞ்சாபையும் பண்டிட்டையும் பங்களாவையும் எழுதினார்கள். ஜங்கலையும் அப்படித்தான் எழுதினார்கள். ஆகவே தமிழில் ‘ஜங்கல்’, அதன் பெயரடை ‘ஜங்லீ’ என்று எழுதுவதே பொருத்தம். இலக்கணத்தில் இது ஆண்பாற் பெயர். எழுவாயாக வரும்போது பன்மையிலும் உருவம் மாறாது என்பதால், ஒரு காடா பல காடுகளா என்பதை வினையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் நுழைந்த இடமே நமக்குப் பெரிய பாடம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நத்தானியல் ஹால்ஹெட் மொழிபெயர்த்து 1776-இல் அச்சான இந்துச் சட்டத் தொகுப்பில், ஐந்தாண்டுகள் பயிரிடாமல் கிடந்த நிலம் ஜங்கல் எனப்படும் என்று வருகிறது. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குக் காட்டப்படும் மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. இங்கே புலியும் இல்லை, கொடியும் இல்லை. இருப்பது வருவாய்த்துறைக் கணக்கு. அக்பர் காலத்து நிலப் பாகுபாட்டிலும் இதே ஐந்தாண்டு எல்லைதான் வருகிறது: ஆண்டுதோறும் விளைவது ‘போலஜ்’, இடையில் சற்று ஓய்வுக்கு விடுவது ‘பரௌதி’, மூன்று நான்கு ஆண்டுகள் சும்மா கிடப்பது ‘சாசர்’, ஐந்தாண்டும் அதற்கு மேலும் கிடப்பது ‘பஞ்ஜர்’. ஹால்ஹெட்டின் ஜங்கலை இந்தப் பஞ்ஜருக்கு அருகில் வைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் தமிழில் போட வேண்டிய சொல் ‘தரிசு’ என்பது தெளிவாகும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணமொன்றைத் தமிழாக்குபவர் அங்கே ‘அடர்வனம்’ என்று எழுதினால், ஒரு குடியானவன் உழாமல் விட்ட நிலத்தை ஒரே சொல்லால் யானைகளுக்குக் கொடுத்துவிட்டவராகிறார்.

இந்தப் பொருள் வழுக்கலை ஆங்கிலேயர்களே கவனித்திருக்கிறார்கள். 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, இச்சொல் கறாராகப் பார்த்தால் பயிரிடப்படாத வெற்று நிலத்தையே குறிக்கிறது, பின்னர் புதரும் மரமும் நெடும்புல்லும் மூடிய நிலத்தைக் குறிக்கிறது, அதிலிருந்துதான் ஆங்கிலோ-இந்தியர்கள் பயிரின்மையை விட்டுவிட்டு மரச்செறிவை மட்டும் பற்றிக்கொண்டார்கள் என்று படிப்படியாக விளக்குகிறது. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அங்குள்ள அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். பழைய மருத்துவ நூல்களில்தான் இச்சொல் மிகுதியாக வருகிறது என்ற குறிப்பும் அதே பதிவில் இருக்கிறது. அந்தக் குறிப்பைப் பின்தொடர்ந்தால் நாம் எதிர்பாராத நிலத்துக்குப் போய்ச் சேருகிறோம். அதற்கு முன் வேறொரு தவறைத் தாண்டியாக வேண்டும்.

ஒலி ஒத்துப்போனால் வேரும் ஒன்றே என்று கொள்வது

‘ஜங்’ என்றால் பாரசீகத்தில் போர். விலங்குகள் ஓயாமல் போரிடும் இடம் என்பதால் ஜங்கல் என்ற பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. போரைக் குறிக்கும் ஜங் பாரசீகத்திலிருந்து வந்தது. ஜங்கல் சமஸ்கிருதத்தின் ‘ஜங்கல’, ‘ஜாங்கல’ என்ற வடிவங்களிலிருந்து வந்தது. துருவைக் குறிக்கும் ‘ஜங்க்’ மற்றொரு பாரசீகச் சொல்; தமிழ் எழுத்தில் இவை ஒன்றுபோலத் தோன்றுவதால் குழப்பம் கூடுகிறது. வீரசைவ மரபின் ‘ஜங்கமர்’ என்ற சொல்லையும் இதனோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. ஜங்கமம் என்றால் அசைவது, ஓரிடத்தில் நில்லாதது. அது போதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்தது. காட்டில் திரிபவர் என்ற பொருள் அதற்கு எக்காலத்திலும் இருந்ததில்லை.

ஒலி மயக்கங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ‘ஜங்லா’. இந்திக் கதைகளில் யாராவது ஜங்லாவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார்கள். இது ஜங்கலின் திரிபு என்று நினைத்து வேலி என்றோ புதர் என்றோ மொழிபெயர்த்தால் பாத்திரம் தெருவில் வந்து நிற்கும். ஜங்லா என்பது சன்னல் கம்பி, கிராதி, கைப்பிடிச்சுவர்க் கம்பியழி. இந்தி அகராதிகள் இதைப் போர்த்துக்கீசியத்தின் ‘ஜனேலா’விலிருந்து வந்ததாகக் காட்டுகின்றன, நம்முடைய ‘சன்னல்’ வந்ததும் அதே சொல்லிலிருந்துதான். ஆக, ஜங்லாவுக்கு ஜங்கல் உறவே அல்ல, தமிழ்ச் சன்னலே உடன்பிறப்பு.

பாரசீகத்திலும் ‘ஜங்கல்’ வழங்குவதால், இது முகலாயர்களோடு வந்த பாரசீகச் சொல் என்று எழுதுவதும் தவறே. பயணம் எதிர்த்திசையில் நடந்தது. இந்திய மொழிகளிலிருந்து பாரசீகம் இதைப் பெற்றுக்கொண்டது. ஈரானில் அது அடர்காட்டையே குறித்தது. காஸ்பியன் கடலோரத்துக் கீலான் மாகாணத்தின் மழைக்காடுகளைத் தளமாகக் கொண்டு மிர்சா குச்சிக் கான் 1915 முதல் 1921 வரை நடத்திய கிளர்ச்சிக்கு ‘ஜங்கல் இயக்கம்’ என்றே பெயர். ஆப்கானியர் பேசும் பஷ்தூ மொழியிலும் இச்சொல் உண்டு. பிரான்சின் கலே துறைமுகத்தருகே, 2016 அக்டோபரில் அகற்றப்பட்ட அகதிகள் முகாமுக்கு ‘ஜங்கிள்’ என்ற பெயர் வந்ததற்கு, ஆப்கானிய அகதிகள் தாங்கள் தங்கிய மரக்கூட்டத்தைத் தங்கள் மொழியில் அழைத்ததே காரணம் என்பது பரவலாகப் பதிவான விளக்கம். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்களின் காதில் அது சட்டம் ஒழுங்கற்ற இடம் என்ற வசையாகவே விழுந்தது.

இன்னொரு புறம், ஜங்கலுக்குத் தமிழ் வேர் கண்டுபிடிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. தமிழ்ப் பற்று நல்லதுதான், ஆனால் இடைப்பட்ட வடிவங்களும் சான்றுகளும் இல்லாமல் இரண்டு எழுத்துகளை மாற்றிப்போட்டுத் தமிழாக்கிவிடுவது சொற்பிறப்பியல் ஆகாது. சமஸ்கிருதச் சொல்லுக்கு அப்பால் உள்ள வேரைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இன்றைய பொருளைப் பழைய நூல்களுக்குள் ஏற்றுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. படித்தவர்கள் செய்வதும் இதையே. சமஸ்கிருத நூல்களில் ‘ஜாங்கல தேசம்’ என்று வருமிடத்தில் ‘காட்டு நாடு’ என்றும், ஆயுர்வேத நூல்களில் ‘ஜாங்கல மாமிசம்’ என்று வருமிடத்தில் ‘காட்டு விலங்கின் இறைச்சி’ என்றும் எழுதிவிடுகிறார்கள். மூலத்தின் பொருள் ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது.

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை நிலத்தை மூன்றாகப் பிரிக்கிறது: நீர்வளமும் ஈரமும் மிக்கது ‘ஆனூபம்’, வறண்டது ‘ஜாங்கலம்’, இரண்டும் கலந்தது ‘சாதாரணம்’. கல்பஸ்தானத்தின் முதல் அத்தியாயத்தில் ஜாங்கல நிலத்தைப் பற்றி ஒரு நீண்ட வருணனை இருக்கிறது. எங்கும் திறந்த வானம். கருங்காலியும் இலந்தையும் நெல்லியும் நிற்கின்றன. வன்னியும் மருதும் சிம்சபமும் மிகுதி. வறண்ட காற்று விடாது வீசி இளங்கிளைகளை ஆட வைக்கிறது. மெல்லிய கரடுமுரடான மணலும் பரலும் பரந்த தரையைக் கானல்நீர் சூழ்ந்திருக்கிறது. காடையும் கௌதாரியும் சகோரமும் உலவுகின்றன. அங்கே வாழும் மனிதர்கள் உறுதியான, இறுகிய உடல்வாகு உள்ளவர்கள். தமிழ்க் கவிதை படித்தவர் எவரும் இதைக் குறிஞ்சி என்றோ அடர்ந்த முல்லை என்றோ சொல்லமாட்டார். பாலையின் விளிம்பில் நிற்கும் முல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். சங்கப் புலவர்கள் நிலத்தை வன்புலம், மென்புலம் என்று பிரித்ததும் இதை நினைவூட்டுகிறது, எனினும் இரண்டு பாகுபாடுகளும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. குறிஞ்சியும் வன்புலம்தான், ஆனால் அருவி விழும் மலைச்சாரல் ஜாங்கலம் ஆகாது.

இறைச்சி விஷயத்தில் நேரும் தலைகீழ் இன்னும் வேடிக்கையானது. சரகர் ஜாங்கல வகையில் சேர்ப்பது பெரும்பாலும் வெட்டவெளியில் மேயும் மான் இனங்களை. அவற்றின் இறைச்சி எளிதில் செரிக்கும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கு நாம் ‘ஜங்கிள்’ என்றவுடன் நினைக்கும் யானை, காண்டாமிருகம், எருமை, காட்டுப்பன்றி ஆகியவற்றை அவர் வைத்திருப்பது எதிர்ப்பக்கத்தில், ஆனூப வகையில். ஆகவே ‘ஜாங்கல மாமிசம்’ என்பதைக் காட்டு விலங்கின் இறைச்சி என்று பெயர்த்தால், மருத்துவர் எளிதில் செரிக்கும் என்று எழுதிக்கொடுத்த உணவுக்குப் பதிலாக, செரிக்கக் கடினம் என்று அவர் வகைப்படுத்திய ஒன்றை நோயாளியின் இலையில் பரிமாறியதாக ஆகும். இதை ‘வறள்நில விலங்கின் இறைச்சி’ என்று எழுதுவதில் எந்தச் சிரமமும் இல்லை.

மருத்துவ நூல் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. அர்த்தசாஸ்திரம் இரண்டாம் அதிகரணத்தில், வேளாண்மை அதிகாரியைப் பற்றிப் பேசும் பகுதியில், மழையின் அளவைத் துரோணம் என்ற பழைய அளவையில் தருகிறது: ஜாங்கல நிலங்களுக்கு 16 துரோணம், ஆனூப நிலங்களுக்கு அதில் பாதி கூடுதல், அதாவது 24. ஜாங்கலத்தில் எவ்வளவு மழை பெய்யும் என்று அரசு அதிகாரி அளந்து குறித்துக்கொள்வது எதற்காக? அங்கே விதைப்பதற்காக. மழை குறைவு என்பதுதான் அச்சொல்லின் உட்பொருள். விளைச்சலே கிடையாது என்பதல்ல. மனுஸ்மிருதியின் ஏழாம் அத்தியாயம் 69-ஆம் சுலோகம் இதற்கும் ஒரு படி மேலே போய், அரசன் குடியிருக்க வேண்டிய நாடு எது என்று சொல்லும்போது, ஜாங்கலமானதும் தானிய வளம் உள்ளதும் ஆரியர்கள் மிகுந்து வாழ்வதுமான நாடு என்கிறது. இந்தச் சுலோகத்தில் ஜாங்கலத்தைக் காடு என்று மொழிபெயர்த்துவிட்டு, அரசனைக் காட்டுக்குள் குடியேறச் சொல்வது ஏன் என்று அடிக்குறிப்பில் திண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன். மலேரியாவும் சேறும் இல்லாத, காற்றோட்டமான, மாடு மேய்க்கவும் தானியம் விளைக்கவும் ஏற்ற உலர்நிலம் என்று கொண்டால் திண்டாட்டமே இல்லை. இன்று ‘ஜங்லீ’ என்றால் நாகரிகமற்றவன் என்று பொருள். அந்நூல்களின் காலத்திலோ ஜாங்கலம்தான் நாகரிகத்தின் இருப்பிடமாகக் கருதப்பட்டது. மகாபாரதத்தில் குரு வம்சத்தாரின் நாட்டுக்கு ‘குருஜாங்கலம்’ என்றே பெயர்.

பழைய பொருள் நூல்களோடு முடிந்துபோய்விடவும் இல்லை. ராஜஸ்தானின் வடபகுதியில், பீகானேர் வட்டாரத்துக்கு ‘ஜாங்கலதேசம்’ என்ற பழம்பெயர் உண்டு. ராவ் பீகா 1488-இல் நிறுவிய அந்த நகரைச் சுற்றி ஆண்டுக்கு 300 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது. மணல்மேடுகளும் முட்செடிகளும்தான் அந்த நிலம். ஆனாலும் பீகானேர் அரசர்களின் முழக்கம் ‘ஜய் ஜங்கல்தர் பாத்ஷா’. இதை ‘வனராஜாவுக்கு வெற்றி’ என்று யாராவது தமிழாக்கினால், பாலைவனத்து அரசருக்குச் சிங்கத்தின் பட்டத்தைச் சூட்டியதாகும். ‘வறள்நிலத்தை ஆளும் வேந்தருக்கு வெற்றி’ என்பதே கருத்து. சரகர் ஜாங்கல நிலத்துக்கு அடையாளமாகச் சொன்ன ‘சமீ’ மரம், அதாவது நம் வன்னி, அங்கே ‘கேஜ்டி’ என்ற பெயரில் இன்றும் வயல் நடுவில் நிற்கிறது. அதுதான் ராஜஸ்தான் மாநிலத்தின் மரமும்கூட.

‘ஜங்லீ’யை எங்கும் ‘காட்டு’ என்றே எழுதுவது

பெயரடையான ஜங்லீயில் சிக்கல் வேறு விதமானது. விலங்கும் பறவையும் வருமிடத்தில் ‘காட்டு’ பெரும்பாலும் பொருந்திவிடும். ஜங்லீ சூவர் காட்டுப்பன்றி, ஜங்லீ முர்கி காட்டுக்கோழி. செடிகொடிகளுக்கு வரும்போது தமிழ் தன் வழியில் போகிறது. வளர்ப்புச் செடியைப் போலவே தோன்றி, பயன்படாமலோ கசந்தோ இருப்பதை நாம் ‘பேய்’ என்றும் ‘நரி’ என்றும் அடைமொழியிட்டு ஒதுக்குவோம். ஜங்லீ பியாஜ் என்பதைக் காட்டு வெங்காயம் என்று எழுதினால் பொருள் தெரியாமல் போகாது, ஆனால் நாட்டு மருந்துக்கடையில் போய்க் கேட்டால் நரிவெங்காயம் என்றுதான் எடுத்துத் தருவார்கள்.

நான் விழுந்த குழி ‘ஜங்கல் ஜலேபி’. பள்ளிக்கூடத்து மதிலுக்கு வெளியே சிறுவர்கள் கல்லெறிந்து உதிர்த்துத் தின்பதாக ஒரு கட்டுரையில் வந்தது. தின்பண்டத்தை ஏன் கல்லெறிந்து உதிர்க்கிறார்கள் என்று யோசிக்காமல் ‘காட்டு ஜிலேபி’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். சுருண்டு வளைந்த காய், உள்ளே கறுப்பு விதையைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் துவர்ப்பான சதை, தின்றால் தொண்டையைப் பிடிக்கும்: நம் கொடுக்காப்புளிதான். மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்து சாலையோரத்திலும் வேலியிலும் வளரும் அந்த மரத்துக்குக் காட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லை. இங்கே ‘ஜங்கல்’ சொல்வது, கடையில் வாங்காத, யாரும் நட்டு வளர்க்காத, தானாகக் கிடைத்த ஜிலேபி என்பதையே.

மனிதர்களைக் குறிக்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். ‘ஜங்லீ’ ஒரு வசை. தாய் மகனைக் கடிந்துகொள்ளும்போது ‘முரட்டுப்பயல்’ அளவுக்கு மென்மையாகவும், ஆதிவாசி ஒருவரைப் பார்த்து நகரத்தான் சொல்லும்போது ‘காட்டுமிராண்டி’ அளவுக்குக் கொடுமையாகவும் அது இறங்கும். எடையைப் பேசுபவரை வைத்து அளக்காமல் ஒரே சொல்லால் பெயர்ப்பது, ஒன்று தாயைக் கொடியவளாக்கும், அல்லது நகரத்தானை நல்லவனாக்கும். ஆனால் வரலாற்று நூல்களில் வரும் ‘ஜங்லீ’கள் எல்லோரும் வசைக்கு ஆளானவர்கள் அல்லர். 1892-இல் கீழ்ச் செனாப் கால்வாய் திறக்கப்படுவதற்கு முன், மேற்குப் பஞ்சாபின் ஆறுகளுக்கு இடைப்பட்ட வறண்ட மேட்டுநிலங்களில் மாடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்த குடிகளுக்கு அதுவே பெயராக இருந்தது. அவர்கள் நடமாடிய நிலத்திலும் வன்னியும் பீலுவும் முட்புதர்களுமே இருந்தன. அவ்விடத்தில் ‘காட்டுவாசிகள்’ என்று எழுதாமல் ‘வறள்நில மேய்ப்பர்கள்’ என்று விளக்கியோ, ‘ஜங்லீகள்’ என்று அப்படியே வைத்தோ எழுதுவது நல்லது.

அரசியல் செய்திகளில் அடிபடும் ‘ஜங்கல் ராஜ்’ என்பதற்குத் தமிழில் ‘காட்டாட்சி’யும் ‘காட்டு தர்பார்’உம் ஏற்கெனவே புழங்குகின்றன, அவற்றை விட்டு வேறு தேட வேண்டியதில்லை. அது பழம்பெரும் இந்தியக் கருத்து என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அரசன் இல்லாத நிலையை விளக்கப் பழைய நூல்கள் எடுத்த உவமை நீருக்குள் இருந்தது: பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் ‘மத்ஸ்ய நியாயம்’. பழமொழிகளிலும் இதேபோல ஓர் எச்சரிக்கை தேவை. ‘ஜங்கல் மே மோர் நாச்சா, கிஸ்னே தேகா’ என்பதற்கு, காட்டில் ஆடிய மயிலை யார் கண்டார் என்ற நேர்ப்பொருளையே தருவது நல்லது. ‘காட்டில் காய்ந்த நிலவு’ என்ற நம் தொடர் பக்கத்தில் வந்தாலும், நிலவுத்தொடர் யாருக்கும் பயன்படாமல் வீணானதைச் சொல்கிறது. மயிலோ பார்த்து மெச்ச ஆளில்லாததைச் சொல்கிறது.

‘வன்’ இருக்க ‘ஜங்கல்’ ஏன் என்று கேட்காமல் விடுவது

இந்தியில் காட்டுக்கு ‘வன்’ என்ற சொல்லும் உண்டு; தொன்மக் கதைகளிலும் அரசு ஏடுகளிலும் அதுவே வரும். ராமன் போனது வனவாசம், வனத்துறை ‘வன் விபாக்’, 1950-இல் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த மரநடுவிழா ‘வன் மஹோத்சவ்’. ஜங்கல் மக்களின் வாயில் உள்ள சொல். எழுத்தாளர் ஒருவர் ஒரே பக்கத்தில் அதிகாரியை வன் என்றும் கிராமத்தாரை ஜங்கல் என்றும் பேசவைத்தால், அது தற்செயல் அல்ல. கோண்டுத் தலைவர் கொமரம் பீமோடு இணைத்துச் சொல்லப்படும் ‘ஜல், ஜங்கல், ஜமீன்’ (நீர், காடு, நிலம்) முழக்கத்தில் வன் என்று போட்டுப் பாருங்கள், முழக்கமே கோப்பின் தலைப்பாகிவிடும். 1930-இல் மத்திய மாகாணங்களிலும் மகாராஷ்டிரத்திலும் நடந்ததும் ‘ஜங்கல் சத்தியாகிரகம்’தான், கால்நடைக்குப் புல் அறுக்கும் உரிமையும் விறகெடுக்கும் உரிமையும் அதன் மையம். அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று ராய்கட் பகுதியின் சிர்னேர் கிராமத்தில் கூடியவர்கள்மீது துப்பாக்கிச்சூடும் நடந்தது. தமிழில் இதை ‘வன சத்தியாகிரகம்’ என்று எழுதினால் எதிர்த்து நின்ற துறையின் சொல்லையே எதிர்த்தவர்களுக்குக் கொடுத்ததாகும். ‘காட்டுச் சத்தியாகிரகம்’ என்பதே சரி.

இந்த வேறுபாடு நீதிமன்ற வாசல் வரைக்கும் போகிறது. நீலகிரி மாவட்டக் கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை, காடு என்பதை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும், அரசு ஏட்டில் காடு என்று பதிவான நிலமும், யாருடைய உடைமையாக இருந்தாலும், அதில் அடங்கும் என்றது. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் வருவாய் ஏடுகளைத் திறந்தால் ‘படே ஜாட் கா ஜங்கல்’, ‘சோட்டே ஜாட் கா ஜங்கல்’ என்ற இரு பதிவுகள் இருக்கின்றன. ‘ஜாட்’ மரத்தையும் குறிக்கும், புதரையும் குறிக்கும். பெருமரம் நிற்கும் ஜங்கல், சிறுபுதர் மண்டிய ஜங்கல் என்று அந்தக் காலத்து எழுத்தர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்தார். இன்று அந்த நிலங்கள் வருவாய்த்துறைக்கா வனத்துறைக்கா, பட்டா கொடுக்கலாமா கூடாதா என்ற இழுபறிக்கு அவருடைய இந்த ஒரு சொல்லே காரணமாக நிற்கிறது.

அத்தகைய ஆவணம் ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தபோது, ‘சோட்டே ஜாட் கா ஜங்கல்’ என்பதற்கு ‘சிறுமர வனம்’ என்று முதலில் எழுதியிருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, கோபிக்காரரை நினைத்துக்கொண்டு, ‘சிறுபுதர்க் காடு’ என்று எழுதினேன். சோளம் விதைத்த புஞ்சையையும் காடு என்போம், கரிசல்காடு என்போம், பிணம் எரிக்கும் வெட்டவெளியைச் சுடுகாடு என்போம், யானை மேயும் மலைச்சரிவையும் காடு என்போம். மரத்தை எண்ணிப் பார்க்காமல் ஊருக்கு அப்பால் கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும் அந்தச் சொல்லைத்தான் அவர் அன்றே சொல்லியிருந்தார்.